பூனை மேல் போட்ட பழி: வாசகர் கேள்வி பதில்

ரகசியம், குற்றவுணர்வு, 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற நெருக்கடி. இவை கதையிலும் நாடகத்திலும் வரும் மனிதர்களை என்ன பாடு படுத்துகின்றன என்று கேட்டுப் பல கடிதங்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டோம்.

என் சிறுகதை நாயகனுக்கு ஒரு ரகசியம். அதைக் கடைசிப் பத்தியில்தான் உடைக்கிறேன். படித்தவர்கள் அதிர்ந்துபோவார்கள் என்று நினைத்தால், 'ஏமாற்றிவிட்டாய்' என்கிறார்கள். எங்கே தப்பு?
– சிறுகதை எழுதிப் பழகும் வாசகர்

கதை யார் பார்வையில் நடக்கிறது என்று முதலில் பாருங்கள். 'நினைத்துக்கொண்டான்', 'அவனுக்குத் தோன்றியது' என்று பத்து இடங்களில் எங்களை அவன் மண்டைக்குள் கூட்டிப்போகிறீர்கள். அவன் தூக்கத்தைக் கெடுக்கும் அந்த ஒரு விஷயத்தை மட்டும் பன்னிரண்டு பக்கமும் அவன் நினைக்கவே இல்லை. அப்படியானால் மறைத்தது அவன் இல்லை, நீங்கள். வாசகருக்குக் கோபம் வருவது அங்கேதான்.

சரிசெய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, ரகசியம் தெரியாத ஒருவரின் கண்ணுக்குக் கதையை மாற்றுவது. மனைவி, உடன் வேலை செய்பவர், வீட்டுக் குழந்தை, யாராகவும் இருக்கலாம். அவர்களுக்குத் தெரியாதது எங்களுக்கும் தெரியாமல் இருப்பதில் மோசடி இல்லை. இரண்டாவது வழிதான் பெரும்பாலும் நல்ல வழி: ரகசியத்தைக் கதையின் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் சொல்லிவிடுங்கள். 'என்ன அது?' என்ற கேள்வி போய், 'எப்போது தெரியும், யாருக்கு முதலில் தெரியும், தெரிந்தால் என்ன போகும்?' என்று மூன்று கேள்விகள் வந்து உட்காரும்.

இப்சனின் 'பொம்மை வீடு' 1879இல் கோபன்ஹேகனில் மேடையேறிய நாடகம். மூன்று அங்கம். கணவனின் உடல்நிலைக்காக நோரா ரகசியமாகக் கடன் வாங்கியிருக்கிறாள் என்பது முதல் அங்கத்திலேயே, அவள் தன் தோழியிடம் பீற்றிக்கொள்ளும்போது தெரிந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து, அதே அங்கத்தில், கடன் கொடுத்த குரோக்ஸ்டாட் வந்து அடுத்த தவணையைப் போட்டு உடைக்கிறான். பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் நோராவின் அப்பா, தேதி அக்டோபர் 2. அப்பா இறந்ததோ செப்டம்பர் 29. செத்துப்போனவர் மூன்று நாள் கழித்து எப்படிக் கையெழுத்துப் போட்டார்? ரகசியத்தை இப்படி இரண்டு தவணையாகப் பிரித்துக் கொடுப்பதைக் கவனியுங்கள். முதல் தவணையில் அவள் மீது பரிவு, இரண்டாவதில் அவளுக்காகப் பயம். இன்னும் இரண்டு அங்கம் மீதி இருக்கிறது, ஆனால் பார்வையாளர் எழுந்து போவதில்லை.

இதைவிட முக்கியம், நோரா அந்த ரகசியத்தைக் காப்பாற்றச் செய்யும் அன்றாட வேலை. வீட்டுச் செலவுப் பணத்தில் மிச்சம் பிடிக்கிறாள். துணிமணியில் மலிவானதை எடுக்கிறாள். முந்தைய குளிர்காலத்தில் பிரதி எடுக்கும் வேலை கிடைத்து, அறையைச் சாத்திக்கொண்டு ராத்திரி வெகுநேரம் எழுதியிருக்கிறாள். கணவனிடம் சொன்னது, கிறிஸ்துமஸ் மரத்துக்கு அலங்காரம் செய்கிறேன் என்று. மூன்று வாரம் அறைக்குள் இருந்தாயே, அலங்காரம் எங்கே? பூனை உள்ளே புகுந்து எல்லாவற்றையும் கிழித்துவிட்டது!

அந்தப் பூனைதான் பாத்திரப் படைப்பு. 'நோரா பொய் சொல்லத் தயங்காதவள், சாமர்த்தியசாலி, களைத்துப்போயிருப்பவள்' என்று மூன்று வரி எழுதினாலும் அது வராது.

எழுதும்போது ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மேலே வரிசையாகப் பாத்திரங்களின் பெயர், பக்கவாட்டில் காட்சி எண். ஒவ்வொரு கட்டத்திலும் 'தெரியாது', 'சந்தேகம்', 'பாதி தெரியும்', 'தப்பாகத் தெரியும்', 'தெரியும்' இவற்றில் ஒன்றை நிரப்புங்கள். அடுத்தடுத்து மூன்று காட்சிகளில் ஒரு கட்டமும் மாறவில்லை என்றால் நடுவில் உள்ளதைத் தூக்கலாம். 'தப்பாகத் தெரியும்' என்ற கட்டத்தை ஆரம்ப எழுத்தாளர்கள் அநேகமாகக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். நாடகம் நிறைய அங்கேதான் கிடக்கிறது.

'அவன் மனம் உறுத்தியது', 'குற்றவுணர்வு அவனை வாட்டியது' என்று எழுதிச் சலித்துவிட்டது. வேறு எப்படிக் காட்டுவது?
– நாவல் எழுதிக்கொண்டிருக்கும் வாசகி

தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்று வள்ளுவர் சொல்லிவிட்டார். எங்கே கொப்புளம் வந்தது என்று காட்டுவது எழுதுகிறவர் பாடு.

குற்றவுணர்வு நடந்த இடத்தில் வெடிக்காது, பக்கத்து இடத்தில் கசியும். தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' (1866) நாவலில் ஆறு பாகமும் ஒரு பின்னுரையும் இருக்கின்றன. கொலை முதல் பாகத்திலேயே முடிந்துவிடுகிறது. கொன்ற நாயகன் ரஸ்கோல்நிகவ் எடுத்துவந்த பணப்பையையும் நகைகளையும் ஒரு கல்லுக்கு அடியில் புதைக்கிறான், பையில் எவ்வளவு இருந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. பணத்துக்காகக் கொன்றேன் என்ற அவன் கணக்கு அந்த ஒரு செயலிலேயே உடைந்துபோகிறது. போலீஸ் நிலையத்துக்கு அவனைக் கூப்பிட்டது வீட்டுக்காரிக்கு வைத்த பாக்கிக்காக. கொலையைப் பற்றி அங்கே மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, மயங்கி விழுகிறான். பிறகொரு நாள் கொலை நடந்த வீட்டுக்கே போய், வாசல் மணியை இழுத்து அந்தச் சத்தத்தை மறுபடி கேட்கிறான். 'உறுத்தியது' என்ற சொல்லுக்கு எங்கேயாவது வேலை இருக்கிறதா?

இன்னொன்று. அவன் கொன்றது இரண்டு பேரை, அடகுக்காரக் கிழவியையும் அவள் தங்கை லிசவேத்தாவையும். கிழவியைப் பற்றி வாதம் மேல் வாதமாக அடுக்குகிறான். குறுக்கே வந்து செத்த லிசவேத்தாவை ஏன் நான் நினைப்பதே இல்லை என்று அவனே ஓரிடத்தில் வியக்கிறான். மனசாட்சி எதைத் தவிர்க்கிறது என்பது, எதைப் பேசுகிறது என்பதைவிட அதிகம் காட்டிக்கொடுக்கும். உங்கள் பாத்திரம் செய்த தப்பில் அவர் பேசாத பகுதி எது? அதைக் குறித்து வைத்துக்கொண்டு, நாவல் முழுக்க ஒரே ஒரு தடவை அதைத் தொடவிடுங்கள்.

கை கழுவுவதை மட்டும் விட்டுவிடுங்கள், தயவுசெய்து. ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்'தில் அது எடுபடுவதற்குக் காரணம் கழுவுவது அல்ல. இரண்டாம் அங்கத்தில் 'கொஞ்சம் தண்ணீர் போதும், கறை போய்விடும்' என்று, அரசனைக் கொன்றுவிட்டு வந்த கணவனுக்குச் சொன்னவள் லேடி மேக்பெத்தான். ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்துவந்து, இல்லாத கறையைத் தேய்க்கிறாள். முதலில் சொன்ன சொல் திரும்பிவந்து அவளையே கடிக்கிறது. முன்னால் விதைக்காமல் பின்னால் கழுவவிட்டால் அது வெறும் கை கழுவல்தான். அதே காட்சியில் பலர் கவனிக்காத ஒரு விவரம்: தன் பக்கத்தில் எப்போதும் விளக்கு எரிய வேண்டும் என்பது அவள் கட்டளை என்று தோழி வைத்தியரிடம் சொல்கிறாள். இருட்டைக் கூப்பிட்டு மறைக்கச் சொன்ன பெண்ணுக்கு இப்போது வெளிச்சம் இல்லாமல் முடியவில்லை. எங்களைக் கேட்டால் அந்த விளக்குதான் கறையைவிடப் பயங்கரம்.

தேய்ந்துபோன மற்றவை: கண்ணாடியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வது, வியர்த்து எழும் கெட்ட கனவு, மழையில் நனைந்தபடி நிற்பது. பதிலாக, நீங்கள் கவனித்திருக்கும் சிறிய விஷயங்களை எடுங்கள். கேட்காத உதவியைச் செய்வது. மன்னிக்கப்பட வேண்டிய ஆளிடமே சிடுசிடுப்பது. யாராவது பாராட்டினால் கோபம் வருவது. தப்புக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொருவருக்குத் தாராளமாக அள்ளிக் கொடுப்பது.

குற்றவுணர்வு, அவமானம், பயம். தேர்வில் வேறுபடுத்தி எழுதச் சொன்னார்கள். மூன்றும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன.
– இலக்கிய மாணவர்

ஒரு சோதனை போதும்: இது யாருக்கும் எக்காலத்திலும் தெரியப்போவதில்லை என்று உறுதியானால், அந்தப் பாத்திரம் நிம்மதியாகத் தூங்குமா?

தூங்கும் என்றால் அது பயமோ அவமானமோதான். 'பொம்மை வீடு' கடைசி அங்கத்தில் கணவன் ஹெல்மர் குரோக்ஸ்டாட் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு மனைவியைக் கண்டபடி ஏசுகிறான். அடுத்த கடிதத்தில் பத்திரம் திரும்பி வந்துவிடுகிறது. அவன் வாயில் வரும் வார்த்தை 'நான் தப்பித்தேன்' என்பது. அப்படியென்றால் நான்? என்று கேட்கிறாள் நோரா. வெளியே தெரியாது என்றதும் அவன் கோபம் முழுக்க ஆவியாகிவிட்டது, ஆக அது ஒழுக்கம் சார்ந்த கோபமே இல்லை.

எதிர்முனை, சிலப்பதிகாரத்துப் பாண்டியன். அவனைத் தண்டிக்க மேலே ஆள் கிடையாது. ராணியின் சிலம்பில் முத்து, கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம். 'யானோ அரசன் யானே கள்வன்' என்று சொல்லி விழுகிறான். தீர்ப்புச் சொன்ன நாக்காலேயே தனக்கும் தீர்ப்பு. இது குற்றவுணர்வு.

தேர்வுத் தாளில் ரஸ்கோல்நிகவை எழுதும்போது மட்டும் ஜாக்கிரதை. 'மனம் திருந்திச் சரணடைந்தான்' என்று எழுதிவிடாதீர்கள். எட்டு வருஷக் கடுங்காவலுக்குச் சைபீரியா போன பிறகும், பின்னுரையின் பெரும்பகுதியில், தான் தோற்றுப்போனதைத்தான் குற்றமாக நினைக்கிறான். மனமாற்றம் அதன் கடைசிப் பக்கங்களில்தான் தொடங்குகிறது.

தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளில் (உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில்) அச்சமும் இளிவரலும் (இழிவுணர்வும்) தனித்தனியாக இருக்கின்றன, குற்றவுணர்வு என்று ஒன்று தனியாக இல்லை. இதைக் குறிப்பிட்டு ஒரு பத்தி எழுதினால் விடை கனமாகும்.

எங்கள் நாடகத்தில் 'சமூக அழுத்தம்'தான் வில்லன். ஆறு பேரை வரிசையாக நிறுத்தி, மாறி மாறி வம்பு பேச வைத்தோம். பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள். ஏன்?
– அமெச்சூர் நாடகக் குழு இயக்குநர்

ஊர்வாய்க்கு முகம் இல்லாததால். ஆறு பேர் சேர்ந்து பேசினால் அது பாட்டு, மிரட்டல் இல்லை. ஊர் என்பது எப்போதும் ஓர் ஆளாகத்தான் வந்து வாசலில் நிற்கும். அந்த ஆளிடம் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: பறிக்க ஒரு பொருள் (வேலை, கல்யாணம், வீடு, பெயர்), அதைப் பறிக்கும் அதிகாரம், பறித்தால் அவருக்கு ஒரு லாபம். மூன்றாவதை மறந்தால் அவர் அட்டைப் பொம்மையாகிவிடுவார். குரோக்ஸ்டாட் வெறும் கொடியவன் இல்லை. அவனே முன்பு ஒரு மோசடியில் பெயர் கெட்டவன். ஹெல்மர் மேலாளராகப் போகும் வங்கியில் தன் வேலை போய்விடும் என்பதால்தான் நோராவை நெருக்குகிறான். ஊரால் நசுக்கப்பட்டவன் இன்னொருத்தியை நசுக்குகிறான்.

சிலம்பில் கோவலன் கொலையுண்ணும் இடத்தையும் பாருங்கள். அரசன் அவசரத்தில் இருக்கிறான், ஊடிப் போன ராணியைச் சமாதானம் செய்யப் போகும் வழியில் பொற்கொல்லன் மடக்கிச் செய்தி சொல்கிறான். விசாரணை இல்லை, ஒரு வாக்கியத்தில் ஆணை. காவலர்கள் கோவலனைப் பார்த்ததும், இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் களவு நூலில் உள்ளதையெல்லாம் அவிழ்த்து அவர்கள் தயக்கத்தைக் கரைக்கிறான். கடைசியில் வெட்டுவது யார்? கூட்டத்தில் ஒரு குடிகாரன். ராஜா முழு மனதோடு செய்யவில்லை, காவலர்கள் நம்பிச் செய்யவில்லை, வெட்டியவனுக்கு நிதானம் இல்லை. ஆள் மட்டும் செத்துப்போனான். சமூகம் கொல்லும் விதம் இதுதான்: பொறுப்பு ஒவ்வொரு கையிலும் கொஞ்சம், யார் கையிலும் முழுசாக இல்லை.

ஆகவே அந்த ஆறு பேரில் நால்வரை எடுத்துவிடுங்கள். மீதி இருவரில் ஒருவரை நல்லவராக்குங்கள். 'உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்' என்று அவர் ஒரு தடவை சொன்னால் போதும், சிரிப்பு அடங்கிவிடும்.

மேடையில் ஊரின் ஒழுங்கைக் கண்ணுக்குத் தெரியவைக்க 'மேக்பெத்' விருந்துக் காட்சி நல்ல பாடம். வந்தவர்களை அவரவர் தகுதிப்படி உட்காரச் சொல்கிறான் புதிய அரசன். அவன் ஆளனுப்பிக் கொன்ற நண்பன் பாங்க்வோவின் ஆவி வந்து அவன் இருக்கையிலேயே உட்கார்ந்துவிடுகிறது. அவன் அலற, 'சின்ன வயசிலிருந்தே இவருக்கு இப்படி வரும்' என்று மனைவி சமாளிக்கிறாள். கடைசியில் வரிசை முறையெல்லாம் பார்க்காமல் உடனே கிளம்புங்கள் என்று அவளே விரட்டுகிறாள். தகுதி வரிசையில் தொடங்கிய சபை கலைந்தோடி முடிகிறது. ஒத்திகையில் உட்காரும் வரிசையை அரைமணி நேரம் செலவிட்டுத் துல்லியமாக அமைத்தால்தான் கலைவது எடுபடும்.

அண்ணன் செய்த குற்றத்தை மறைக்கும் தங்கையாக நடிக்கிறேன். 'ரகசியம் முகத்தில் தெரிய வேண்டும்' என்கிறார் இயக்குநர். தெரியவைத்தால் 'ஓவர்' என்கிறார்.
– மேடை நடிகை

இரண்டுமே அவர் சொன்னதுதானா? பொறுமை உங்களுக்குக் கைவரட்டும்.

மறைப்பவர் யாரும் மறைப்பதுபோல நடந்துகொள்வதில்லை. சாதாரணமாக இருக்கத்தான் அவர் முழு உழைப்பும் போகிறது. ஆகவே ரகசியத்தை நடிக்காதீர்கள், சாதாரணத்தை நடியுங்கள், கொஞ்சம் கூடுதலாக. ஒத்திகைக்கு ஒரு முறை: முதல் ஓட்டத்தில் ரகசியமே இல்லாததுபோல் காட்சியை ஓட்டுங்கள். இரண்டாவதில் ஒரு காகிதத்தை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவர் பார்க்காமல் அதே காட்சியை முழுக்கச் செய்யுங்கள். கை எங்கே போகிறது, எந்த வேலையைத் தவிர்க்கிறது என்று வெளியிலிருந்து ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். மூன்றாவதில் காகிதம் வேண்டாம். உடம்பில் மிச்சம் நிற்கும் அசைவுகளில் இரண்டே இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

கசிவு எங்கே வரும்? பெரும்பாலும் பதிலின் நீளத்தில். 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற பழமொழி நாடக ஆசிரியர்களுக்கென்றே செய்தது. கேட்டது 'அண்ணன் வீட்டில் இருக்கிறாரா?' என்று. 'இல்லை' என்றால் போதும். 'இல்லை, காலையிலேயே போய்விட்டார், நான்தான் கதவைத் திறந்துவிட்டேன்' என்றால் ஆள் மாட்டிக்கொண்டார். வசனத்தில் அப்படி வரி இல்லாவிட்டால், வசனம் முடிந்ததும் அரை விநாடி அதிகமாக எதிராளி முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள், நம்பிவிட்டாரா என்று. கண்ணைத் தாழ்த்துவது பழைய மேடை வழக்கம், எல்லாருக்கும் தெரிந்த சமிக்ஞை.

ஒன்றும் பேசாமல் நிற்கும் நேரத்துக்கு சோஃபக்ளிஸின் 'ஈடிபஸ்' நாடகத்தில் அவன் மனைவி யொகாஸ்தாவைப் படியுங்கள். கொரிந்திலிருந்து வந்த தூதன் நல்ல செய்தி என்று நினைத்துத்தான் பேசுகிறான்: நீ பயப்படும் அந்த அம்மா உன்னைப் பெற்றவளே இல்லை. ஈடிபஸுக்கு இன்னும் விளங்கவில்லை, பக்கத்தில் நிற்கும் அவளுக்கு, தன் கணவன் தான் பெற்ற மகனே என்று விளங்கிவிட்டது. மேற்கொண்டு விசாரிக்காதே என்று கெஞ்சுகிறாள், உள்ளே போய்விடுகிறாள். அவனோ, நான் தாழ்ந்த பிறப்பாக இருந்துவிடுவேனோ என்று இவள் வெட்கப்படுகிறாள் என்று எண்ணிக்கொள்கிறான். முதல் கேள்வியில் சொன்ன 'தப்பாகத் தெரியும்' கட்டம் இதுதான். அவளாக நடிப்பவர் தூதன் பேசும் அந்த நேரம் முழுக்க அசையாமல் நின்றாலே போதும்.

கர்ணன் பிறப்பைக் குந்தி ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால் போரே இல்லை. 'சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்' வகைக் கதைகள் பலவீனமானவை அல்லவா?
– நீண்ட நாள் வாசகர்

பல கதைகளில் பலவீனம்தான். தொலைக்காட்சித் தொடர்களில் இரண்டு பேர் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசினால் முந்நூறு பகுதி மிச்சமாகும். ஆனால் மகாபாரதத்தை அந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. அங்கே சொல்வதன் விலை ஒவ்வொரு கட்டத்திலும் ஏறிக்கொண்டே போகிறது.

கன்னியாக இருக்கும்போது சொன்னால் அவள் மானம் போகும். ராணியானபின் சொன்னால் குலத்தின் மானம். அரங்கேற்ற நாளில் கவச குண்டலத்தோடு கர்ணன் வந்து நிற்கும்போது அவள் மயங்கி விழுகிறாள், விதுரன்தான் தெளிவிக்கிறான். அன்று வாய் திறந்தால், சபை நடுவே ஒரு மகனுக்காக இன்னொரு மகனின் வெற்றியைக் குலைக்க வேண்டும். திறக்கவில்லை. அதே இடத்தில் துரியோதனன் அவனுக்கு அங்க நாட்டைக் கொடுக்கிறான். அம்மாவின் மௌனம் விட்ட இடைவெளியில் நண்பன் நுழைந்துவிட்டான். இனிச் சொன்னாலும் கர்ணன் வரமாட்டான்.

இன்னும் நுட்பமானது, ரகசியம் கைமாறுவது. போருக்கு முன் கிருஷ்ணன் உண்மையைச் சொன்னதும், இதை யுதிஷ்டிரனிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொள்வது கர்ணன். தெரிந்தால் அவன் ராஜ்யத்தை எனக்குத் தந்துவிடுவான், நான் அதைத் துரியோதனனுக்குக் கொடுத்துவிடுவேன் என்கிறான். அதுவரை அவனை ஒதுக்கிவைத்த ரகசியத்தை இப்போது அவனே காவல் காக்கிறான். போர் முடிந்து நீர்க்கடன் செய்யும் நேரத்தில் குந்தி சொல்லும்போது, அதைக் கேட்டுப் பயன்பட வேண்டியவன் இல்லை.

உங்கள் கதைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: பாத்திரம் வாய் திறக்க வாய்ப்புள்ள இடங்களைக் குறியுங்கள், குறைந்தது மூன்று இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் சொன்னால் என்ன போகும் என்று ஒரு வரி எழுதுங்கள். முதல் வரியும் மூன்றாவது வரியும் ஒன்றாக இருந்தால், உங்கள் பாத்திரம் பயந்து மௌனமாக இல்லை, நீங்கள் பக்கத்தை நிரப்ப மௌனமாக வைத்திருக்கிறீர்கள்.

ஒரே சம்பவம் ரகசியமாக இருந்தால் ஒரு கதை, வெளிப்பட்டால் வேறு கதை. உதாரணம் உண்டா?
– ஆய்வு மாணவி

கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் காரில் ஏறிய கல்லூரிப் பெண் சீரழிந்து வீடு திரும்புகிறாள். அம்மா முதலில் அடிக்கிறாள். சத்தம் கேட்டுக் கூடக் குடியிருப்பவர்கள் எட்டிப் பார்க்க, மழையில் இப்படி நனைந்துகொண்டு வந்தாளே என்று அம்மா பேச்சைத் திருப்பிவிடுகிறாள். பிறகு மகள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அதன் பிறகு எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அந்த ஒரு கணத்தை மட்டும் மாற்றுகிறார்: அம்மா கூச்சலிட்டுவிடுகிறாள், விஷயம் வெளியே போய்விடுகிறது. அந்தப் பெண் கங்காவின் மீதி வாழ்க்கை முழுக்க அந்தக் கூச்சலிலிருந்து முளைக்கிறது. நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது.

பெண் ஒன்றே, சம்பவம் ஒன்றே. மழையைக் காரணம் காட்டிய ஒரு பொய் இருந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம். ஆய்வேட்டில் அந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள், கோட்பாடு தானாக வந்து சேரும்.

ஒப்புதல் காட்சியில் நாயகன் இரண்டு பக்கம் பேசுகிறான். வெட்டச் சொல்கிறார்கள். வெட்டினால் உணர்ச்சி போய்விடாதா?
– நாடகம் எழுதும் வாசகர்

போகாது. ரஸ்கோல்நிகவ் தான் நம்பும் சோன்யா என்ற பெண்ணிடம் 'நான் கொன்றேன்' என்று சொல்வதில்லை, 'நன்றாகப் பார், ஊகித்துக்கொள்' என்கிறான், அவள் அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறாள். போலீஸ் நிலையத்துக்குப் போனவன் சொல்லாமலே இறங்கி வெளியே வந்துவிடுகிறான். அங்கே சோன்யா வெளுத்துப்போய் நிற்கிறாள். திரும்ப மாடி ஏறுகிறான். உணர்ச்சி பேச்சில் இல்லை, அந்தப் படிகளில் இருக்கிறது.

நீளமான ஒப்புதலுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. அது தற்புகழ்ச்சியாகிவிடும். ஹாதார்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' (1850) நாவலில் போதகர் டிம்ஸ்டேல், தான் பாவிகளில் கேடுகெட்ட பாவி என்று பிரசங்க மேடையிலிருந்தே சொல்கிறார். என்ன பாவம் என்று சொல்வதில்லை. சபையோ, இவ்வளவு அடக்கமா என்று இன்னும் அதிகமாக வணங்குகிறது! சபை அப்படித்தான் எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்தே அவர் சொல்கிறார் என்பதுதான் கொடுமை. குறிப்பான பெயர், நாள், செயல் இல்லாத ஒப்புதல் ஒப்புதல் ஆகாது. நாவலில் தண்டனை மேடை மூன்று தடவை வருகிறது: தொடக்கத்தில், 24 அத்தியாயங்களில் சரியாக நடுவில் 12ஆவதில், பிறகு 23ஆவதில். முதலில் அவரோடு உறவுகொண்ட ஹெஸ்டர் மட்டும் ஊர் முன்னால், நடுவில் அவர் ராத்திரியில் ரகசியமாக ஏறிப் பார்க்கிறார், கடைசியில் பகலில். ஒரே இடம், மூன்று ஏற்றம். உங்கள் இரண்டு பக்கத்தையும் இப்படி முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டால், கடைசியில் நான்கு வரி போதும்.

யாரிடம் சொல்கிறான் என்பதையும் மாற்றிப் பாருங்கள். கேட்பவர் பொய்யை எதிர்பார்த்து நின்றால் காட்சி இறுகும். மில்லரின் 'தி குருசிபிள்' (1953) மூன்றாம் அங்கத்தில் பிராக்டர் தன் தவறான உறவை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டுவிட்டான். என் மனைவி பொய்யே சொல்லமாட்டாள், அவளைக் கேளுங்கள் என்கிறான். நீதிபதி அவனை முதுகைக் காட்டி நிற்கவைத்துவிட்டு அவளைக் கூப்பிடுகிறார். கணவன் முகம் தெரியாத அவள், அவன் பெயரைக் காப்பாற்ற வாழ்க்கையில் முதல் பொய்யைச் சொல்கிறாள். அவன் அழிகிறான். அந்த முதுகு திரும்பல் இல்லையென்றால் காட்சியே இல்லை.

ஒரு கதையில் எத்தனை ரகசியம் வைக்கலாம்?

சிறுகதைக்கு ஒன்று. நாடகத்துக்கு ஒன்றரை. அரை என்பது பார்வையாளருக்கு மட்டும் தெரிந்து, எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்லாதது.

கடிதம், பழைய பெட்டி, நாட்குறிப்பு எல்லாம் பழசாகிவிட்டன. கைபேசி காலத்தில் ரகசியத்தை எந்தப் பொருளில் வைப்பது?
– இளம் திரைக்கதை ஆசிரியர்

பொருள் எதுவானாலும் மூன்று தகுதி பாருங்கள். ஓர் இடத்தில் இருக்க வேண்டும். இன்னொருவர் கை எட்ட வேண்டும். அழித்தால் அழித்த தடயம் மிஞ்ச வேண்டும். கைபேசி மூன்றிலும் தேறும்: மேசையில் கிடக்கும், திரை தானாக ஒளிரும், நீக்கிய செய்தி 'நீக்கப்பட்டது' என்று காட்டிக்கொடுக்கும். பூட்டு எண்ணை நேற்று மாற்றியது ஏன் என்ற கேள்வியே ஒரு காட்சி.

'பொம்மை வீடு' நாடகத்தில் அந்த வேலையைச் செய்வது தபால் பெட்டி. கடிதம் உள்ளே விழுகிறது, கண்ணாடி வழியே தெரிகிறது, சாவி கணவனிடம். அவன் கவனத்தைத் திருப்ப நோரா வெறிபிடித்தவள்போல் நடனம் ஆடுகிறாள். மூன்றாம் அங்கத்தில் அவன் பெட்டியைத் திறக்கப் போகிறான், பூட்டை யாரோ நோண்டியிருக்கிறார்கள், உடைந்த கொண்டை ஊசி ஒன்று மாட்டியிருக்கிறது. உன்னுடையதுதானே என்கிறான். குழந்தைகள் வேலையாக இருக்கும் என்கிறாள் நோரா. இந்தத் தடவை பூனை கைகொடுக்கவில்லை.